ஜன்னல் பக்கம் திருப்பிய கேமரா

எனக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு. ஹெல்மெட் பிடிக்கிற போலீஸைப் பற்றி, டெல்லியில் மைக் முன்னால் நிற்கிறவர்களைப் பற்றி, கிராபிக்ஸ் கார்டு விலை ஏறுவதைப் பற்றி. யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன். சொல்லும்போது ஒரு இடத்தில் உட்கார முடியாது. கால் ஆடும், நாற்காலி சுற்றும், கை எதையாவது எடுத்து வைக்கும். "ஏலே, நீ பேசுனா வீடே நடுங்குதுலே" என்பாள் அம்மா.

என் பெயர் முனியராஜ். சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டி லேபிள் டிசைன் பண்ணுகிறேன். வாரம் ஆறு நாள் கிளிக்கும் புலிக்கும் பின்னால் நெருப்பு வரைவது என் வேலை. ஏழாவது நாள் எனக்குச் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு ஆடிக்கொண்டே யூடியூபில் லைவ் போவேன். சேனல் பெயர் கந்தகபூமி. விளையாட்டில் நான் ஐந்து நிமிஷத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை. இருந்தாலும் கூட்டம் வரும். விளையாட்டுக்காக யாரும் வருவதில்லை, என் வாய்க்காக வருகிறார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே நாளில் வாங்கினதில்லை. பதினான்கு மாதம், ஒவ்வொரு பாகமாகச் சேர்த்தது. கேபினட் மதுரையிலிருந்து வந்தது, கிராபிக்ஸ் கார்டு சென்னையில் ஒருத்தர் கொஞ்ச நாள் ஆடிவிட்டு விற்றது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நிறம் மாறிக்கொண்டே சுற்றும் ஆறு ஃபேன். முதல் தடவை போட்ட அன்று தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டு பாண்டிமுருகன் மாமா ரெண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாப்ள, சப்பரம் மாதிரி இருக்கு. தூக்க எத்தன பேரு வேணும்?" என்றார். நான் கோபித்துக்கொண்டேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் ஊர் எம். புதுப்பட்டியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. காலையில் கம்பெனி வேன்கள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், தெருவில் மீதி இருப்பது பெரும்பாலும் வீட்டில் வைத்துத் திரி சுற்றுகிற பெண்கள்தான். கருந்திரி. வெடிக்குள் நெருப்பைக் கொண்டுபோகிற, மருந்து பூசிய நூல். அதை வீட்டில் வைத்துச் செய்யக்கூடாது என்பது சட்டம். சீசன் நேரத்தில் வீட்டில் செய்யாமல் ஆர்டர் முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், போலீஸ் உட்பட.

அதனால் எங்கள் தெருவில் ஒரு ஏற்பாடு உண்டு. தீபாவளிக்கு முன்னால் ஸ்டேஷன் ஜீப் ஒரு தடவை வரும். அவர்களுக்கு ஒரு கேஸ் வேண்டும். யாரைப் பிடிக்கலாம் என்று அவர்கள் வீடு வீடாக அலைய வேண்டியதில்லை. இந்த வருஷம் எந்த வீட்டு முறை என்று தெருவே பேசி வைத்திருக்கும். முறைக்காரர் ஒரு கட்டுத் திரியோடு முன்னால் வந்து நிற்பார். சாயங்காலம் ஜாமீனில் வந்துவிடுவார். போன வருஷம் பாண்டிமுருகன் மாமா போய்விட்டு வந்தார். ஸ்டேஷனில் வடை நன்றாக இருந்ததாகச் சொன்னார். இந்த வருஷ முறை பக்கத்து வீட்டு மாடத்தி சித்திக்கு.

சித்தி வீட்டு ஜன்னலும் என் அறை ஜன்னலும் நேருக்கு நேர் இருக்கும். நடுவில் ஒரு ஆள் நடக்கிற சந்து. அவர்கள் ஜன்னல் கதவுக்குப் பச்சை பெயின்ட் அடித்திருக்கும். அந்த ஜன்னலடியில் உட்கார்ந்து சித்தியும் அவள் மகள் இசைவாணியும் திரி சுற்றுவார்கள். வீட்டுக்காரர் கோட்டைச்சாமி சித்தப்பா பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வர இருபது நாளாகும்.

இசைவாணிக்கு இருபத்திரண்டு வயது. விடிவதற்கு முன்னால் கண்மாய்க் கரையில் ஓடுவாள். காவலர் தேர்வு எழுதிப் பாஸாகியிருந்தாள். ஓட்டம், நீளம் தாண்டுவது, பந்து எறிவது எல்லாம் விருதுநகரில் முடிந்துவிட்டது. மீதி இருந்தது போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும். ஊருக்கு வந்து விசாரிப்பார்கள். அவள் பேரில் ஒரு கேஸ் இருந்தால் போதும், வேலை போய்விடும். அதனால்தான் சித்தி தன் பேரை முந்திக்கொண்டு முறைக்குக் கொடுத்திருந்தாள். அந்த வீட்டுக் கேஸ் என்றால் அது அம்மா பேரில்தான் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

போலீஸில் சேரப் போகிறவளுக்கும் போலீஸைத் திட்டிப் பேர் வாங்கியவனுக்கும் நடுவில் அந்தச் சந்து போதவே போதாது. தினம் ஏதாவது நடக்கும்.

"போலீஸுக்குத் தெரிஞ்சது ரெண்டே வேலதான். ஒண்ணு வர்றது, இன்னொண்ணு போறது" என்பேன்.

"ஸ்டேஷன் வாசல்ல ஒரு நாளாச்சும் நின்னுருக்கீகளாண்ணே?"

"எதுக்கு நிக்கணும்? நமக்கு எல்லாம் தெரியும்."

"ஆமா, அந்தக் கலர் லைட்டுப் பொட்டிக்குள்ள எல்லாம் தெரியும்" என்று சிரிப்பாள். கை பாட்டுக்குத் திரி சுற்றிக்கொண்டிருக்கும்.

அவளோடு சண்டை போடுவது எனக்குப் பிடிக்கும். லைவில் என்னை யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். பேசினால் சேனலை விட்டே தூக்கிவிடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி இருக்கும். அன்றைக்குச் செய்தியில் எங்கோ ஒரு ஊரில் கருந்திரி பிடிபட்டு இரண்டு பேர் கைது என்று வந்திருந்தது. நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். பெரிய கம்பெனிக்குள் போக மாட்டார்கள், வீட்டில் நூல் சுற்றுகிற பொம்பளைகளைப் பிடிப்பார்கள், இதுதான் இவர்கள் வீரம் என்றேன். கமென்ட்டில் நெருப்பு பறந்தது. ஒருத்தர் கேட்டார்: "ப்ரோ, உங்க ஊர்லயும் செய்வாங்களா?"

சும்மா "ஆமா" என்று சொல்லியிருக்கலாம். எனக்குக் கை நிற்கவில்லை. மானிட்டர் மேல் இருந்த கேமராவைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினேன்.

"இந்தா பாருங்க மக்களே. எல்லா வீட்லயும் இதான். போலீஸுக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். வர மாட்டாக. வந்தா நான் சேனல மூடிட்டுப் போறேன்."

பச்சை ஜன்னலுக்குள் இசைவாணி இருந்தாள். கேமராவைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே திரி சுற்றிய கையை ஆட்டி, "அண்ணே, அங்கிட்டுத் திருப்புங்க" என்றாள். பத்து நொடிகூட இருக்காது. திருப்பிவிட்டேன். அப்போது லைவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அதுவரை எனக்கு அவ்வளவு பேர் வந்ததே இல்லை. சந்தோஷத்தில் அடுத்த ஆட்டத்தில் எட்டு நிமிஷம் உயிரோடு இருந்தேன்.

வெரிஃபிகேஷன் ஞாபகம் வரவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். வரவில்லை. அதுதான் உண்மை. அவளோடு முந்தின நாள்கூட அதைப் பற்றிப் பேசியவன்தான். பேசுகிற நேரத்தில் எனக்கு என் குரல் மட்டும்தான் கேட்கும்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனி வேன்கள் போய்விட்டிருந்தன. ஒரு ஜீப்பும் ஒரு வெள்ளை வேனும் தெருவுக்குள் வந்தன. யாரும் பதறவில்லை. "இந்த வருசம் சீக்கிரமே வந்துட்டாகளே" என்றார் பாண்டிமுருகன் மாமா. சித்தி புதுச் சேலை மாற்றிக்கொண்டு, ஒரு கட்டுத் திரியைக் கையில் எடுத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவள் மாதிரி வாசலுக்கு வந்தாள்.

"நான்தான் சார். மாடத்தி. எளுதிக்கோங்க" என்றாள்.

இறங்கியவர்கள் வழக்கமாக வருகிற ஆட்கள் இல்லை. ஒரு முகமும் தெரியவில்லை. முன்னால் வந்த பெண் இன்ஸ்பெக்டர் சித்தியையும் அவள் கையில் இருந்த கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே இந்த அம்மா எதற்கு ஒப்புக்கொள்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. பிறகு தன் செல்போனை எடுத்து ஒரு தடவை பார்த்தார். நிமிர்ந்து பச்சை ஜன்னலைப் பார்த்தார்.

"இந்த வீடுதான?"

"ஆமா தாயி, என் வீடுதான்."

"ஜன்னல்ல ஒரு பொண்ணு உக்காந்து சுத்துச்சே, அது யாரு?"

சித்தியின் கையிலிருந்த கட்டு கீழே விழுந்தது. கையில் இருந்த துணியால் பைக்கின் அதே இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து, குரோஸுக்கு நூற்று நாற்பத்துநாலு என்று, இருபத்தைந்து குரோஸ் திரியை எடுத்து வேனில் வைத்தார்கள். சித்தியையும் இசைவாணியையும் ஜீப்பில் ஏற்றினார்கள். அவள் ஏறும்போது என் பக்கம் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று நினைத்தேன். தெரிந்திருக்காது என்றும் நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் எத்தனை தடவை மாற்றி மாற்றி நினைத்தேன் என்று எனக்கே தெரியாது.

ஜீப் போனதும் தெரு கூடியது. எங்கள் ஸ்டேஷன் ஆட்களாக இருந்தால் பாண்டிமுருகன் மாமாவே பேசிவிடுவார். இது மாவட்டத்திலிருந்து வந்த தனிப்படை. யார் போய்ப் பேசுவது?

"முனியராஜ் போகட்டும். அவன்தான் போலீஸப் பத்தி அம்புட்டுப் பேசுறவன்" என்றாள் ஒரு அக்கா.

"ஆமா, சட்டமெல்லாம் தெரிஞ்சவன்" என்றார் இன்னொருவர்.

எனக்குச் சட்டத்தில் ஒரு வரி தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "போவோம்" என்றேன். தனிப்படை அவர்களைச் சாத்தூர் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றுக்குத்தான் கொண்டுபோயிருந்தது. மாமா வண்டியை எடுத்தார், நான் பின்னால் ஏறினேன். சாத்தூர் ரோட்டில் ஏறினதும் செல்போனை எடுத்து அந்த ஞாயிற்றுக்கிழமை லைவைத் தேடி அழித்தேன். 'நிரந்தரமாக நீக்கவா?' என்று கேட்டது. நீக்கு என்றேன். மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

"என்ன மாப்ள, பின்னால ஆடிக்கிட்டே வாற? வண்டி அலையுது" என்றார் மாமா.

"ஒண்ணுமில்ல மாமா."

வீடியோ இல்லை என்றால் சாட்சியும் இல்லை, சாட்சி இல்லாமல் என்ன கேஸ் என்று எனக்கு நானே பேசிக்கொண்டு வந்தேன். நல்ல தைரியமான பேச்சுதான். ஸ்டேஷன் வேப்பமரம் தெரிந்ததும் அது எங்கே போனது என்று தெரியவில்லை. மாமா வெளியிலேயே வண்டியோடு நின்றுகொண்டார். "போன வருசக் கேஸ்ல என் பேரு இருக்கு, பாத்துட்டா வம்பு. நீ போ மாப்ள" என்றார்.

உள்ளே சுவர் ஓரம் ஒரு பெஞ்சில் சித்தியும் இசைவாணியும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் ஒரு மேஜை. நான் வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தபோது ஒரு இளம் கான்ஸ்டபிள் ஓடி வந்தான்.

"அண்ணே. கந்தகபூமி அண்ணன்தான நீங்க?"

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். சட்டையில் பெத்தணன் என்று பெயர் குத்தியிருந்தது.

"குரல வச்சே கண்டுபிடிச்சிருப்பேன்ணே. ஒரு ஞாயித்துக்கெளம விட்டதில்ல. டூட்டில இருந்தாலும் காதுல மாட்டிக்கிட்டுக் கேப்பேன். எங்களத்தான் திட்டுறீக, ஆனாலும் சிரிப்பா இருக்கும்ணே."

"சரிங்க" என்றேன்.

"அண்ணே, நானும் ஒண்ணு அசெம்பிள் பண்ணலாம்னு இருக்கேன். உங்க கிராபிக்ஸ் கார்டுக்கு எம்புட்டு வாட்ஸ் பவர் சப்ளை போட்ருக்கீக? எழுநூத்தம்பது போதுமா?"

"போதும்" என்றேன். என் வாய் அதற்கு மட்டும் உடனே திறந்தது.

"ஞாயித்துக்கெளம லைவு சூப்பர்ணே. ஜன்னலப் பக்கம் திருப்புனீகள்ல, அத வெட்டி எங்க குரூப்புல சும்மா சிரிப்புக்குப் போட்டேன். 'வந்தா சேனல மூடுறேன்'னு சொன்னீகளா, அத மேடம் பாத்துட்டாக. அப்புறம் என்ன, வண்டி எடுங்கன்னுட்டாக."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவனிடம் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. என்னை மாதிரியே அவனும் சும்மா போட்டிருக்கிறான். பெஞ்சு நான்கடி தூரத்தில் இருந்தது. சித்தி முதலில் அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு அவன் சொன்னதில் பாதி புரிந்திருக்காது. லைவு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் இசைவாணியின் முகத்தைத் திரும்பிப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

இசைவாணி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தலையைக் குனிந்து, விரலில் ஒட்டியிருந்த கருப்பு மருந்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

காலையில் வந்த அதே பெண் இன்ஸ்பெக்டர் உள்ளேயிருந்து வந்தார், சட்டையில் லட்சுமிகாந்தம் என்று இருந்தது. ஐம்பது வயதிருக்கும். தூக்கம் இல்லாத கண். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். கால் ஆடத் தொடங்கியது. முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்கதான் அந்த வீடியோல பேசுனவரா?"

"ஆமா மேடம். அத அழிச்சுட்டேன்."

"நீங்க அழிச்சா என்ன, எங்ககிட்ட இருக்கு" என்று செல்போனை என் முன்னால் வைத்தார். என் அறை, என் ஜன்னல், என் குரல். நாலைந்து பேர் கை மாறி வந்ததில் படம் மங்கிப் போயிருந்தது. பச்சைக் கதவு தெரிந்தது. ஒரு பெண் உருவம், ஒரு நீளச் சடை, ஆடுகிற கை. முகம் தெரியவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"இந்த அம்மா நான்தான்னு சொல்றாங்க. இந்தப் பொண்ணு வாயத் தொறக்க மாட்டேங்குது" என்றார் இன்ஸ்பெக்டர்.

சித்தி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் தாயி. அவ படிக்கிற புள்ள. உங்க வேலைக்குத்தான் எளுதிப் பாஸாயிருக்கா. இன்னைக்கோ நாளைக்கோ வெரிபிகேசன் வரப் போகுது. என்ன எத்தன வருசம் வேணும்னாலும் உள்ள வைங்க."

இன்ஸ்பெக்டர் இசைவாணியை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி மெதுவாகப் பேசினார்.

"தம்பி, நல்லாக் கேட்டுக்கங்க. எனக்கு ஒரு பேரு போதும். இந்த அம்மா ஒப்புக்கிட்டது மட்டும் போதாது, படத்துல நீளச் சடை இருக்கு, ஆனா மொகம் தெரியல. எடுத்தவரு நீங்க. அது யாருன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். இந்த அம்மான்னு எழுதிக் குடுத்தா இந்த அம்மா பேரு. பொண்ண நான் இப்பவே வீட்டுக்கு அனுப்பிருவேன்."

"சரிங்க மேடம்."

"ஆனா அப்ப கேஸே உங்க வீடியோவ வச்சுத்தான் நிக்கும். அத எடுத்த கம்ப்யூட்டரையும் கேஸ் சொத்தா எழுதி எடுத்துக்குவோம். படத்துல இருக்குறவங்களே தானா ஒப்புக்கிட்டா வீடியோவும் தேவையில்ல, கம்ப்யூட்டரும் தேவையில்ல. சொல்லுங்க. யாரு அது?"

இதைப் படிக்கிற யாருக்கும் பதில் தெரியும். இன்ஸ்பெக்டர் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். "சித்திதான் மேடம்" என்று இரண்டு வார்த்தை. மூன்று மணி நேரம் மூச்சு விடாமல் பேசுகிறவனுக்கு இரண்டு வார்த்தை.

நான் கேட்டது வேறு.

"கம்ப்யூட்டர எப்பத் திருப்பிக் குடுப்பீக?"

இப்போதும் அந்தக் குரல் என் காதில் கேட்கிறது. ரொம்பச் சாதாரணமாகக் கேட்டேன். சர்வீஸுக்குக் கொடுக்கிறவன் கேட்பது மாதிரி. பெத்தணன்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னான்.

"லேபுக்குப் போனா ரெண்டு வருசமாச்சும் ஆகும்ணே. குடோன்ல போட்ருவாங்க. தூசி அடைஞ்சு ஃபேனெல்லாம் போயிரும்."

இரண்டு வருஷம். பதினான்கு மாதம் சேர்த்தது என் கண் முன்னால் வந்தது. கண்ணாடிப் பக்கத்தில் தூசி படிவது வந்தது. கார்டைக் கழற்றி வேறு எவனாவது வைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று வந்தது. கேபினட்டை மட்டும் கொடுத்துவிட்டு கார்டை எடுத்துவிடலாமா, பழைய ஹார்டு டிஸ்க்கைப் போட்டுக் கொடுத்தால் தெரியுமா என்று மனசு ஓடியது. சொல்ல மாட்டேன் என்று நான் முடிவு செய்யவில்லை. சத்தியமாக இல்லை. சொல்லத்தான் போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்வதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு, அவ்வளவுதான். என் கால் மட்டும் முதல் தடவையாக ஆடாமல் நின்றிருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அரை நிமிஷம் இருக்கலாம். நிமிர்ந்தபோது இசைவாணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு பொருளை வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்த மாதிரி பார்த்தாள். எழுந்து வந்து அவள் அம்மாவின் கையை மேஜையிலிருந்து எடுத்தாள்.

"நான்தான் மேடம்" என்றாள்.

"ஏட்டி, சும்மா இரு" என்றாள் சித்தி.

"இல்லம்மா. உனக்கு சுகர் மாத்திர போட ஆள் வேணும் உள்ள. நான்தான் மேடம் அது. ஜன்னல்ல உக்காந்திருந்தது நான்."

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "இல்ல மேடம், அவ பொய் சொல்றா. அது சித்திதான். நான் பாத்தேன், நான்தான எடுத்தேன். சித்திதான். எளுதிக் குடுக்கேன். கம்ப்யூட்டரையும் எடுத்துக்கங்க" என்று எழுந்து நின்று பேசிக்கொண்டே போனேன். குரல் ஸ்டேஷன் முழுக்கக் கேட்டது. நன்றாகத்தான் பேசினேன்.

இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"கேட்டப்ப சொல்லியிருந்தா எழுதியிருப்பேன் தம்பி. இந்தப் பொண்ணு இத்தன பேரு முன்னால ஒத்துக்கிட்டதுக்கு அப்புறம் நான் எதக் காதுல வாங்காத மாதிரி எழுத?"

"அண்ணே, விடுங்க" என்றாள் இசைவாணி. அதற்கு முன்னால் இருந்த சண்டைக் குரல் அதில் கொஞ்சம்கூட இல்லை. தெரியாத ஆளிடம் சொல்வது மாதிரி மரியாதையாகச் சொன்னாள்.

சித்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் அவளைத் தூக்கப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிடவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. நான் அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு ஓடிப்போய்விட வேண்டும் போல இருந்தது. ஓடவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சுவரில் இருந்த ஏதோ ஒரு போர்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். மறுபடி முதல் வரிக்கு வந்தேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"பேரு?"

"இசைவாணி."

"அப்பா பேரு?"

"கோட்டைச்சாமி."

"வயசு?"

"இருவத்திரண்டு மேடம்."

"படிப்பு?"

"பி.காம்."

"என்ன வேல பாக்குற?"

இன்ஸ்பெக்டர் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

"திரி சுத்துறேன் மேடம்" என்றாள்.

எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே, "இவரு போகலாம்" என்றார்.

பெத்தணன் என்னைத் தோளில் கை போட்டு வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்தான். வெளியே நல்ல வெயில். பாண்டிமுருகன் மாமா வேப்பமரத்தடியில் வண்டியோடு நின்று, என்ன ஆச்சு என்று தலையால் கேட்டார். பெத்தணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நல்ல வேளண்ணே, கம்ப்யூட்டர் தப்பிச்சிருச்சு" என்று சந்தோஷமாக என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

நானும் குலுக்கினேன்.